தம்பிக்கு ஒரு ஊசி

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நெசவாலையில் வேலை பார்ப்பவள். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிடவே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்திக் கத்தி மெதுவாகப் பேசுவதே மறந்துபோய்விட்டது. என் தம்பிக்கு இது தீராத தலைவலி. அவன் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். என்னிடம் அவன் அதிகம் பேசியதே "அக்கா, மெதுவா" என்பதுதான்.

அவனோடு வேலை பார்ப்பவர் ஒருவர், சேர்ந்து சிகரெட் ஊதிய கூட்டாளி, மழைக்காலம் தொடங்கியபோது நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். எப்படியோ பிழைத்துக்கொண்டார். ஆனால் ஊரில் பாதி லிஃப்டுகளைப் பழுது பார்த்த அந்த மனிதர், மாதங்கள் கழிந்தும் முதல் மாடிக்குப் போகக்கூட லிஃப்டுக்காகக் காத்து நிற்கிறார். அதைக் கேட்டதும் நேரே ஆலை டாக்டரம்மாவிடம் போனேன். புகைக்கிற ஆட்களுக்கு இந்த நோய் சுலபமாக வரும், வயதாகும்வரை காத்திருக்காமல் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். மறுநாளே லீவு போட்டேன். தம்பியை இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

கூடம் நிறைய ஆட்கள். நர்ஸ் அவன் வயதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வயசு இன்னும் வரலையே. சிகரெட் பிடிக்கிறவங்க, வேற வியாதி இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் இந்த வயசுல இங்க போடறோம். இவர் பிடிப்பாரா?"

"பிடிப்பாராவா? இவன் விட்ட புகையெல்லாம் ஒண்ணா சேர்ந்தா மழையே பெய்யும்!" என்றேன்.

கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தன் குழந்தையைத் தூக்கி மறுபக்கம் உட்காரவைத்தாள்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நான் பிடிக்கிறதில்ல சிஸ்டர்."

வந்ததே எனக்குக் கோபம்!

"ஊசிக்குப் பயந்துக்கிட்டுப் புளுகறியாடா? எங்க வீட்டுக்கு வந்தா சாப்பிட்ட கையோட மொட்டை மாடிக்கு ஓடறியே, அது எதுக்கு? காத்து வாங்கவா?"

"அக்கா, மெதுவா."

"பிடிக்கலேன்னா இப்ப போட முடியாதும்மா," என்றார் நர்ஸ்.

"கேட்டியா? பிடிக்கிறேன்னு சொல்லித் தொலைடா!"

"மாட்டேன்க்கா. ஊசி இல்லேன்னாலும் பரவாயில்ல. அந்தப் பொய்ய மட்டும் சொல்ல மாட்டேன்."

இவனோடு வாய் கொடுத்துப் பயனில்லை என்று அவன் வலது கையைப் பிடித்து நர்ஸ் முன்னால் நீட்டினேன். "நீங்களே பாருங்க. விரலெல்லாம் எப்படி மஞ்சளா…"

அங்கே மஞ்சள் இல்லை. எத்தனையோ வருஷமாக இரண்டு விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கறையைக் காணோம். நகங்கள் வெள்ளையாக வளர்ந்திருந்தன. நக ஓரத்தில் கிரீஸ் மட்டும் கறுப்பாக இருந்தது. குனிந்து அவன் சட்டையை முகர்ந்தேன். அதிலும் கிரீஸ்தான்.

"எப்படா விட்ட?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அவர் ஆஸ்பத்திரியில படுத்த அன்னைக்கு."

"அப்ப மொட்டை மாடிக்கு?"

"கை பரபரக்கும்க்கா. ஒரு ஸ்பேனர வச்சுச் சுத்திக்கிட்டு நிப்பேன். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் கூடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "போன தடவை விட்டப்போ ஆலை பூரா சொல்லிட்ட. அந்த வாரமே திரும்பப் பிடிச்சேன். அதுக்கு முந்தின தடவையும் அதே கதைதான். உன் ஆளுங்க முன்னாடி என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது? இந்தத் தடவை நிலைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பிடித்த அவன் கையை நான் விடவில்லை. என் தம்பி, யாரும் தட்டிக்கொடுக்காமல், யாருக்கும் தெரியாமல், ஒரு ஸ்பேனரோடு மாடியில் நின்று ஜெயித்திருக்கிறான். நான் கீழே பாத்திரம் தேய்த்தபடி அவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நர்ஸ் எழுந்து உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் அவன் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். எத்தனை வருஷப் பழக்கம் என்று விசாரித்தார்.

"இவ்வளவு நாள் புகை குடிச்ச நுரையீரல், விட்ட உடனே புதுசாயிடாது. இவருக்கு வேணும், போடுங்க. அப்படியே ஃப்ளூ ஊசியையும் போட்டுடுங்க," என்றார். தம்பி பக்கம் திரும்பி, "ஊசி போட்டாச்சேன்னு மறுபடி தொடங்கிடாதீங்க. இத விட பெரிய மருந்து நீங்க ஏற்கனவே எடுத்துக்கிட்டீங்க," என்று சொல்லிப் போனார்.

ஊசி ஏறியபோது தம்பி கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். ஊசிக்கும் பயம்தான் போல.

கைக்கு ஒன்றாகப் பஞ்சை அழுத்திக்கொண்டு அவன் வாசலைப் பார்த்து நடந்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு இதே கூடத்தில்தானே அவன் மானத்தை வாங்கினேன்? நடுக்கூடத்தில் நின்றுகொண்டேன். எல்லாருக்கும் கேட்கக் கத்திச் சொல்ல வாயைத் திறக்கப்போனவள், ஆலையைப் பற்றி அவன் சொன்னது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் மட்டும் குனிந்து, என்னால் முடிந்தவரை தணிந்த குரலில், "என் தம்பி சிகரெட்ட விட்டுட்டான்மா," என்றேன்.

என் தணிந்த குரலும் வாசல்வரை எட்டிவிட்டது போல, தம்பி நின்று திரும்பிப் பார்த்தான். காது வரை சிவந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கூடம் பூரா கேக்கலையேக்கா," என்றான். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."