பாத்திரத்தில் மீந்தது

அன்னூர்ப் பக்கத்தில், தறிப்பட்டறைகளைத் தாண்டி இருக்கிற அந்தச் சபைக்கு ஜெபிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. எப்சிபாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததிலிருந்து வியாழன்தோறும் பெண்கள் ஐக்கியத்தில் அவள் பெயரைச் சொல்லி அழுதார்கள். உபவாசம் இருந்தார்கள். அழுகை என்றால் சும்மா இல்லை, முந்தானை நனைகிற அழுகை. அவள் வீட்டு வாசப்படியை மட்டும் ஒருத்தியும் மிதிக்கவில்லை. ஜெபத்துக்குத் தூரம் ஏது என்பார்கள். சரி, ஒத்துக்கொள்வோம்.

மருந்து முடிந்து, "இனி உங்களால யாருக்கும் பரவாதுங்க" என்று டாக்டர் சொன்ன வாரமே எப்சிபா ஆலயத்துக்குக் கிளம்பிவிட்டாள். அன்று திருவிருந்து ஆராதனை, அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற நாள். படுத்துக்கிடந்த மாதங்களில் அவள் ஏங்கியது பாட்டுக்கோ பிரசங்கத்துக்கோ அல்ல. வரிசையாக முழங்காலிட்டு, எல்லோரும் வாய் வைக்கிற அதே பாத்திரத்தில் தானும் வாய் வைப்பதற்குத்தான். தனித் தட்டு, தனி டம்ளர் என்று சாப்பிட்டுச் சாப்பிட்டு அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. அந்த ஒரு மடக்கு கிடைத்துவிட்டால் தானும் நாலு பேரோடு சேர்ந்த மனுஷி என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"கர்த்தர் நம்ம எப்சிபாம்மாளைப் பூரணமாச் சொஸ்தமாக்கிக் குடுத்துட்டாருங்க!" என்று ஆயர் மைக்கில் முழங்கினார். அடேயப்பா, என்ன கைதட்டல்! எப்சிபா அழுதேவிட்டாள். ஆனால் அவள் உட்கார்ந்த பெஞ்சில் அவளுக்குத் துணை அவளுடைய கைப்பைதான்.

திருவிருந்துக்கு அழைத்ததும், பழைய பழக்கத்தில் முதல் ஆளாகப் போய்ப் பீடத்தின் முன்னால் இடது ஓரமாக முழங்காலிட்டாள். பாத்திரம் அங்கிருந்துதான் புறப்படும். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று சேலை மடிப்பைச் சரிசெய்கிற வேலை வந்துவிட்டது. பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. எப்சிபாவுக்கு முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது, பாடகர் குழுவில் அவளோடு பாடுகிற ஜெமிமா வந்து தோளோடு தோள் உரச முழங்காலிட்டாள்.

"ஏனக்கா, நா இருக்கறப்ப நீங்க எதுக்குக் கலங்கறீங்க?" என்று கிசுகிசுத்தாள். எப்சிபாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜெமிமாவைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். வரிசை நிறைந்தது.

அப்பம் வந்தது. பிறகு பாத்திரம். எப்சிபா ஒரு மடக்குக் குடித்தாள். ஆயர் விளிம்பைத் துணியால் துடைத்து, ஜெமிமாவிடம் நீட்டினார். ஜெமிமா கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள். உதடு இறுகி மூடியிருந்தது. தொண்டை அசையவில்லை. ஒரு சாண் தூரத்திலிருந்து எப்சிபா அதைப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம், பாவி மகள்.

ஜெமிமா கண்ணைத் திறந்து, "பாத்தீங்களாக்கா?" என்று சிரித்து அவள் கையை அழுத்தினாள். எப்சிபாவும் சிரித்துவைத்தாள். வேறென்ன செய்வாள்?

பெஞ்சுக்குத் திரும்பியவள் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரிசை வரிசையாக வந்தார்கள், தலை சாய்த்தார்கள், பயபக்தியோடு போனார்கள். வழக்கமாக நடுவில் கூஜாவிலிருந்து திராட்சரசத்தை ஊற்றி ஊற்றிக் கொடுப்பார் ஆயர். அன்று கூஜாவைத் தொடவே தேவைப்படவில்லை. அழுது ஜெபித்த வாய்கள் அத்தனையும் ஒன்றுபோல மூடிக்கொண்டன.

கடைசி ஆள் போனபின் ஆயர் பாத்திரத்துக்குள் பார்த்தார். ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே கொட்டக்கூடாது. மீந்ததை எப்போதும் அவர்தான் குடித்துத் தீர்ப்பார். அன்று பாத்திரத்தை வாய்வரைக்கும் கொண்டுபோனார், இறக்கினார். கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்தார்.

"எப்சிபாம்மா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார். அவள் போனாள். அவர் குரலைத் தாழ்த்தி, "இது மீந்துபோச்சுங்க. நீங்களே குடிச்சுப்போடுங்களேன்" என்றார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

எப்சிபா இரண்டு கையாலும் வாங்கினாள். கனத்தது. ஒரு ஊருக்கான ரசம் அது. குடித்தாள், மூச்சு முட்டக் குடித்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

நேரமாகிவிட்டதென்று ஆயர் கையை உயர்த்தி, எல்லோருக்கும் சேர்த்து ஆசீர்வாதம் சொல்லி முடித்தார். சபை முழுக்க ஒரே குரலில் "ஆமென்" என்றது. வாய் நிறைய ரசம் இருந்ததால் எப்சிபாவால் மட்டும் சொல்ல முடியவில்லை.