மூடைக்கு மூன்று பேர்

எழுபத்தைந்து கிலோ நெல் மூடையை ஒருத்தன் தனியாகத் தூக்கி முதுகில் போட்டுக்கொள்ள முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆட்டித் தூக்கிவிட வேண்டும். மூன்றாமவன் குனிந்து வாங்க வேண்டும். குனிந்தவனுக்குத் தரையும் தூக்குகிறவர்களின் காலும் மட்டும்தான் தெரியும். அவர்கள் ஒரு சாண் தள்ளிப் போட்டால் கழுத்து போய்விடும்.

அம்பாசமுத்திரத்தில் நான் மூடை சுமக்கும் அரிசி ஆலையில் மொத்தம் பதினாறு பேர். எனக்குத் தூக்கிவிடுகிறவர்கள் இரண்டு பேர். முகம்மது மைதீன் என் வயதுக்காரன், பத்தொன்பது வருசப் பழக்கம். தேவேந்திரன் இளவட்டம், ஆறு வருசமாக.

செங்கமலத்தம்மாவின் பேச்சை நான் முதலில் கேட்டது ஆலையில் டீ குடிக்கிற நேரத்தில், என் போனில்தான். இரண்டு தேர்தலில் நின்று இரண்டிலும் தோற்றவர். தோற்காமல் என்ன செய்வார்? ஓட்டுக் கேட்டுப் போன தெருவில் நின்றுகொண்டு, "காசு வாங்கிட்டு ஓட்டுப் போட்டவன் எவனும் எங்கிட்ட ரோடு கேக்காத" என்கிறவருக்கு யார் போடுவான்? சொந்தக் கட்சிக்காரன் வாய்க்கால் கரையை வளைத்து வீடு கட்டியதை, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே மேடையில் சொன்னார். அவன் மூஞ்சி போன போக்கை நான் நாலு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அவர் கட்சி வேறு, என் கொடி வேறு. நான் தொழிற்சங்கத்துக்காரன். சங்கமே சோம்பேறிகளுக்குத்தான் என்று பேசுகிறவர் அவர். ரேஷனில் இலவச அரிசி கூடாது என்பார். என் வீட்டில் அந்த அரிசிதான் பொங்குகிறது.

"உம்ம சோத்துல மண்ணள்ளிப் போடுவேங்கா. நீரு இளிச்சிக்கிட்டுப் பாக்கீரு" என்றான் மைதீன்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லுதால்லா வே. நம்ம ஜாஸ்பர் எதையாவது நேரா சொல்லியிருக்காரா?"

ஜாஸ்பர் எங்கள் சங்கத் தலைவர். எதைக் கேட்டாலும் "பைய பாத்துக்கிடலாம்" என்பார்.

"சொல்லிட்டு அடிச்சா வலிக்காதாக்கும்?" என்றான் மைதீன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஐப்பசியில் முதலாளி மெஷின் வாங்கப்போகிற பேச்சு வந்தது. பெல்ட்டில் மூடையைச் சாய்த்துவிட்டால் அது தானாக லாரிக்குள் போய்விடும். நாலு பேர் போதும். மிச்சம் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜாஸ்பரிடம் போனோம். பைய பாத்துக்கிடலாம் என்றார்.

செங்கமலத்தம்மாவிடம் போவோம் என்று சொன்னது நான்தான். எவனுக்கும் பயப்படாத பொம்பளை முதலாளிக்கா பயப்படப் போகிறாள் என்றேன். மைதீன் மட்டும், "அந்தம்மாவுக்குப் பயம் இல்லங்கது சரி. நம்ம பக்கம்னு உமக்கு யாரு சொன்னா?" என்று கேட்டான். அது எனக்கு ஏறவில்லை. பயப்படாதவர் என்றால் நம் ஆள்தான் என்று நினைத்துவிட்டேன். பயந்து பயந்தே வேலை பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

கல்லிடைக்குறிச்சியில் அவர் வீட்டு முற்றத்தில் பதினாறு பேரும் போய் நின்றோம். நான் பேசினேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "அண்ணாச்சி, சட்டையக் கழத்துங்க" என்றார்.

பொம்பளை முன்னால் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கழற்றினேன். பிடரிக்குக் கீழே தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்ததுபோல் காய்த்துக் கிடப்பதை எல்லாரும் பார்த்தார்கள். அவருடைய ஆள் ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். நான் தடுக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

"எப்படிப் படுப்பீங்க?"

"குப்புறத்தான்மா. மல்லாக்கப் படுத்துப் பத்து வருசம் ஆச்சி."

"பொய் சொல்லி அனுப்ப எனக்கு வராது. மனுசன் முதுகுல இத ஏத்துறது அசிங்கம். மெஷின் வரணும். சீக்கிரம் கொண்டாரச் சொல்லி நானே பேசுதேன்."

"அப்போ நாங்க என்னம்மா செய்ய?"



"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரியும்னு சொன்னா அது பொய்."

தெருவுக்கு வந்ததும் தேவேந்திரன் காறித் துப்பினான். என்மேல் படவில்லை. ஆனால் எனக்குத்தான் துப்பினான்.

மூன்றாம் நாள் வீடியோ வந்தது. முழுக்க என் முதுகு. குப்புறத்தான்மா என்கிற என் குரல். பேட்டையில் இருக்கிற கொழுந்தியாள் அனுப்பி என் பெண்டாட்டி இசக்கித்தாய் பார்த்திருக்கிறாள். "குப்புறப் படுக்கது சூடு தாங்காமன்னுல்லா எங்கிட்ட சொன்னீரு" என்றாள். அவளிடம் பத்து வருசமாகச் சொல்லாததை நான் யாரோ ஒரு கட்சிக்காரியிடம் சொல்லியிருந்தேன்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "நானா கொண்டாரேன்? வலிக்குதுன்னு போயி அழுதது நீங்க. ஊரே பாத்து என்னக் காறித் துப்புது. தைக்கு மெஷின் வந்திரும்" என்றார். சந்தோசத்தை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை.

மறுநாள் காலையில் கடையத்திலிருந்து நெல் லாரி வந்து நின்றது. இறக்க வேண்டும். நான் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு, வழக்கம்போல் லாரியின் பின்பலகைக்குக் கீழே போய்க் குனிந்தேன். மூடை வரவில்லை.

அப்படியே நின்றேன். மேலேயிருந்து மைதீன் குரல் கேட்டது. "ஏலே, அந்த முனையப் புடிலே."

"புடிக்கேன்" என்றான் தேவேந்திரன். "அண்ணாச்சி ஒரு வார்த்த சொல்லட்டும். அந்தம்மா சொன்னது பொய்யின்னு சொல்லட்டும். எனக்கு வலியும் இல்ல ஒண்ணும் இல்ல, என்னப் பேச வச்சி எடுத்தாங்கன்னு சொல்லட்டும். போன் எடுத்து நான் புடிக்கேன். அதையும் ஊரு பாக்கட்டும். அதுக்கப்புறம் நூறு மூடை தூக்குதேன்."

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று குனிந்திருக்கும்போதே தெரிந்தது.

"சொல்லித் தொலையும்வே" என்றான் மைதீன் மெதுவாக. "பன்னெண்டு குடும்பம்வே. ஒரு பொய்யில என்ன வந்துது?"

எனக்கும் சொல்லத்தான் ஆசை. தேவேந்திரனுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னதுக்கு இன்னும் நடக்க வரவில்லை. நான் பேசினால் மெஷின் நிற்குமா என்பது வேறு. ஆனால் சொல்லிவிட்டால் இவர்களோடு இருந்துவிடலாம். வாயைத் திறந்தேன். நடுமுதுகில் காலையிலிருந்தே விண்ணென்று இழுத்துக்கொண்டிருந்தது, மூடை ஏறுவதற்கு முன்பே.

"வலிக்கத்தாம்லே செய்யுது" என்றேன். "அந்தம்மா சொன்னது பொய் இல்ல."

தேவேந்திரன் லாரியிலிருந்து குதித்தான். அவன் கால் என் கண்ணுக்கு முன்னால் ஒரு நொடி நின்றது. பிறகு ஆலை வாசல் பக்கம் போனது. அதன் பின்னால் மற்ற கால்களும் போயின.

நான் நிமிர்ந்தேன். மைதீன் மட்டும் மேலே, மூடையின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றான்.

"இப்பவும் உமக்கு அவளப் புடிக்கும், என்னா?"

நான் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ஆனால் முனையை விடவில்லை.

நான் லாரியில் ஏறி அடுத்த முனையைப் பிடித்தேன். தூக்கினோம். கீழே குனிந்து வாங்க ஆள் இல்லை.