இரண்டு சின்னான்கள்

செம்பியன் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் காபி குடித்தான். சட்டையைத் தேய்த்தான். சிப்காட்டில் அன்று அவனுக்கு ஷிப்ட் இல்லை. கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினான்.

அவன் மனைவி அனுப்பிரியா இறந்து எட்டு மாதம். கிள்ளைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தாள். பள்ளிச் சுவருக்கென்று இரண்டு பறவைகளை ஒப்பிட்டு நோட்டில் எழுதி, ஒரு நகலை உடன் வேலை பார்த்த இளவரசிக்கு அனுப்பியிருந்தாள். அதை இப்போது ஃப்ளெக்ஸாக அடிக்கிறார்கள். "அச்சுக்குப் போறதுக்கு முன்ன நீங்க ஒருவாட்டி பாத்துடுங்கண்ணே" என்று இளவரசி போன் செய்திருந்தாள். அவனுக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அனுப்பிரியா பெயரில் தப்பாக ஒன்று சுவரேறிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சிதம்பரத்து ஃப்ளெக்ஸ் கடையில் இளவரசி அவனுக்காகக் காத்திருந்தாள். கடைக்காரர் காத்தவராயன் கணினித் திரையைத் திருப்பினார். பறவைகளுக்கு மேலே அனுப்பிரியாவின் படம். சுற்றிலும் மாலை. கீழே தோற்றம், மறைவு.

"கண்ணீர் அஞ்சலி போர்டா கேட்டோம்?" என்றாள் இளவரசி.

"பழக்க தோஷம்மா. போட்டோவும் பேரும் குடுத்தா கை தானா மாலைய போட்டுடுது. என் கல்யாண பேனர்லயே போட்டிருப்பேன், நல்லவேள அப்ப கடை இல்ல."

செம்பியன் சிரித்துவிட்டான். "மாலைய எடுத்துடுங்க. பேரு மட்டும் போதும்."

பிறகு கொண்டுவந்திருந்த அனுப்பிரியாவின் நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தான். வெண்புருவச் சின்னான், மஞ்சள்தொண்டைச் சின்னான். இரண்டும் பாடும் பறவைகள். ஒரே குடும்பம், ஒரே பேரினம். முதலாவது நம் வேலியில் கத்துவது. அதற்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. இரண்டாவது தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும் இருப்பது. அழியும் ஆபத்தில் உள்ளது.

திரையைப் பார்த்தான். கடைசி வரி இடம் மாறியிருந்தது.

"வேலியில இருக்கறதுக்கு ஆபத்துன்னு போட்டிருக்கீங்க."

"அட, ஆமா சார்."

"நாலு வாட்டி பாத்தேன், கண்ணுல படலியே. நீங்க வந்ததால பொழச்சோம்ண்ணே," என்றாள் இளவரசி.

"நீ கூப்பிட்டியேம்மா," என்றான். கைகூப்பினான்.

ஆஸ்பத்திரியில் அனுப்பிரியாவுக்கு இந்தப் பக்கத்தைத்தான் படித்துக் காட்டுவதாக இருந்தான். கேண்டீன் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பின் நோட்டை இன்றுதான் திறக்கிறான். கடைசியாக என்ன சொன்னாள் என்று உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றே சொல்லிவந்தான். இளவரசி கேட்கவில்லை. அவளிடம் அனுப்பிரியா கடைசியாகச் சொன்னதைச் சொன்னான்.

"மொதல்ல போய்ச் சாப்டுட்டு வாங்க மாமா. அப்பறம் படிங்க, தப்பு இருந்தா நான் சொல்றேன்."