கதவோரப் பாதி

அப்பாவின் மூக்குக் கண்ணாடி அடிக்கடி தளர ஆரம்பித்தபோதே இளையவள் போனில் சொன்னாள்: "அக்கா, ஃபிரேம் ஒண்ணும் தளரல. ஆளுதான் தளர்ந்துட்டாரு."

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவருக்கு ஒரு சின்னத் திருகை இறுக்கத் தெரியாதா என்ன? ஆனாலும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுவார். அங்கே கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தித் தரும் அம்மாளைத்தான் இப்போது பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. சம்மதம் கேட்டபோது மூத்தவள்தான் முந்திக்கொண்டு, "தாராளமா பண்ணிக்கோங்கப்பா" என்றாள். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "கல்யாணப் பரிசா நானே கையால ஒரு போர்வை தைச்சுத் தர்றேன். நம்ம வீட்டுப் பழைய துணியெல்லாம் சேர்த்து" என்றும் சொல்லிவிட்டாள். அப்பாவின் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவளுக்கு அளவும் கணக்கும் கை வந்த கலை. ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் வீட்டுக் கூடத்தில் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, தரையில் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டாள். அப்பாவின் வேலைச் சட்டைகளையும் அம்மாவின் நூல் புடவைகளையும் சம சதுரங்களாக வெட்டி, விரிப்பின் மேல் அடுக்கிக் குண்டூசியால் குத்தினாள். மேலே எப்படி வரப்போகிறது என்று இப்படிப் பார்த்துத் தீர்மானித்துவிட்டால், பிறகு தைத்து, பஞ்சும் அடித்துணியும் வைத்து மூடிவிடலாம்.

அப்பா எப்போதும் ஜன்னலோரம் படுப்பார். காலையில் முதலில் எழுந்திருப்பது அம்மா என்பதால் கதவோரம் அம்மாவின் இடம். மூத்தவளின் கை தானாகவே சட்டைகளை ஒரு பக்கமும் புடவைகளை மறுபக்கமும் வைத்துக்கொண்டே போனது. பாதி வேலையில்தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் நிறுத்தவில்லை. போர்வையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பக்கம் மாறிவிடுமே என்று, அரக்குப் புடவையின் முந்தானையை நீளமாக வெட்டித் தலைமாட்டில் வைத்தாள். அதைப் பார்த்தால் யாரும் கால்மாட்டில் போட மாட்டார்கள்.

வந்து சேரப்போகிறவள் ஒவ்வொரு இரவும் அம்மாவை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. குண்டூசி என்று நினைத்துக்கொண்டாள்.

படம் எடுத்து இளையவளுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"போர்வை தைக்கிறியா, வேலி போடுறியா?"

"வாய மூடு."

"நான் மூடிக்கிறேன். ஆனா அப்பா பக்கம், அம்மா பக்கம்னு பாகப்பிரிவினை மாதிரியில்ல இருக்கு! அந்தம்மா என்ன, கட்டிலுக்கு அடியிலயா படுக்கும்?"

"துணி அப்படித்தான் அமைஞ்சுது. சட்டை தடிசு, புடவை மெல்லிசு. கலந்து தைச்சா சுருங்கும்."

"யாருகிட்ட காது குத்துற? துணியத் தண்ணியில அலசிட்டு வெட்டினா சுருங்காதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்."

மூத்தவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை அப்பா வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, விரிப்பின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு சதுரத்தைத் தடவி, "இந்த கிரீஸ் கறைய எடுக்க உங்கம்மா எவ்ளோ பாடுபட்டா தெரியுமா?" என்று சிரித்தார். பிறகு புடவைப் பக்கம் கையைக் கொண்டுபோனவர், தொடாமலே எடுத்துக்கொண்டார்.

"எல்லாப் பிள்ளைங்களும் இப்படிப் பண்ணாதுங்கம்மா. அவளையும் விட்டுடாம, வர்றவளையும் ஒதுக்காம... உங்கம்மா இருந்தா உன்ன மெச்சிருப்பா."

அம்மாவா? அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பாள். 'யாரைக் குத்துறதுக்குடி இந்த ஊசி?' என்று கேட்டிருப்பாள். மூத்தவள் டீ போடும் சாக்கில் அடுப்படிக்குள் போய், தண்ணீர் கொதித்து வற்றும்வரை நின்றாள்.

அப்பா அதோடு விடவில்லை. கண்ணாடிக் கடையிலும் போய்ப் பெருமையடித்துவிட்டார். வார விடுமுறையன்று கதவைத் தட்டிக்கொண்டு அந்த அம்மாளே வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை.

"சொல்லாம வந்துட்டேன். தப்பா எடுத்துக்காதம்மா. அவரு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு. என்கிட்டயும் ஒரு துணி இருக்கு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல கட்டின புடவை. ஓரத்துல எங்கயாவது ஒரு துண்டு இடம் இருந்தா..."

மடித்த நீலப் புடவையை வெளியே எடுத்தாள். கூடத்தில் விரித்திருந்ததைப் பார்த்தாள். பை அப்படியே கையில் தொங்கியது. நாளெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துப் பழகிய கண். ஒரு பக்கம் சட்டை, மறுபக்கம் புடவை, தலைமாட்டில் முந்தானை என்று வரிசையாக நகர்ந்தது.

"அவரு இந்தச் சட்டைப் பக்கம்தான் படுப்பாரா?"

"ம்."

"அப்போ அந்தப் பக்கம் உங்கம்மா. என்னைய நடு ராத்திரியில எழுப்பி வெளிய அனுப்பிடுவீங்களா?" என்று சிரித்தாள். மூத்தவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் சிரிப்பும் நின்றது.

நீலப் புடவையைத் திரும்பவும் பைக்குள் வைத்தாள். அவசரமே இல்லாமல், மடிப்புக் கலையாமல் வைத்தாள்.

"இது அழகா இருக்கும்மா. இதுல என் துணி வேணாம். அவருக்கே குடு. எங்கிட்ட தனியா ஒரு கம்பளி இருக்கு, நான் அதைப் போத்திக்கிறேன்."

திட்டியிருந்தால்கூட மூத்தவளுக்குத் தாங்கியிருக்கும். வாசல்வரை போனவளைப் பார்த்து, "வேணும்னேதான் அப்படி வெச்சேன்" என்றாள்.

"தெரியுது."

"துணி அமைஞ்சதுன்னு சொல்லலாம்னு பார்த்தேன். முடியல."

அந்த அம்மாள் செருப்பு வாரைச் சரி செய்தபடியே நின்றாள். "அவங்க இடத்துக்கு நான் வரல. அவங்க இடம் காலியா இருக்குன்னும் நான் நெனைக்கல. ஆனா எனக்குன்னு ஒரு சாண் இருக்கும்னு நெனைச்சேன் பாரு, அதான் கொஞ்சம் வலிக்குது. உங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். உன்ன நெனைச்சு மனுசன் அவ்ளோ சந்தோசத்துல இருக்காரு."

அவள் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை மூத்தவள் கதவைச் சாத்தவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து குண்டூசிகளைப் பிடுங்கினாள். சட்டையையும் புடவையையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் நடுவில் ஏதோ குறைந்தது. அந்த அம்மாளைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. என்ன நிறம் பிடிக்கும் என்றுகூடக் கேட்டதில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தாள்.

"நான்தான் பேசுறேன். அந்த நீலப் புடவை வேணும். ஓரத்துக்கு இல்ல, நிறைய இடத்துல வரும். வெட்டிடுவேன், பரவாயில்லையா?"

அந்த அம்மாள் வாடிக்கையாளரிடம் 'ஒரு நிமிஷம்' என்று சொல்லும் சத்தம். "உனக்குப் பாவமா இருக்குன்னு வெக்கிறதா இருந்தா வேணாம்."

"பாவமா இல்ல. அசிங்கமா இருக்கு. என்னைய நெனைச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "நீங்க எப்படிப் படுப்பீங்க? கால நீட்டியா, சுருண்டா?"

அந்தப் பக்கம் கண்ணாடிக் கூடு ஒன்றை மூடும் சத்தம்.

"போர்வைய மொத்தமா சுருட்டிக்கிட்டுப் படுப்பேன். உங்கப்பாவுக்கு ஒண்ணும் மிஞ்சாது, இப்பவே சொல்லிட்டேன். அப்புறம், உன்மேல கோவம் இன்னும் போகல. அதையும் சொல்லிடுறேன். புடவைய நாளைக்குக் கொண்டு வர்றேன்."

அடுத்த முறை அப்பா வந்தபோது விரிப்பில் பழைய வரிசை இல்லை. சட்டையும் புடவையும் இரண்டு பக்கமும் கலந்து கிடந்தன. முந்தானை சதுரங்களாகிவிட்டது. இருபுறமும் நீலம் கூடியிருந்தது.

"அன்னிக்கு வெச்சிருந்தது அவ்ளோ அழகா இருந்துச்சேம்மா, ஏன் கலைச்சே?"

"அகலம் பத்தலப்பா."

"சரி சரி, உனக்குத் தெரியாததா! உன் மனசு யாருக்கு வரும்?" என்று அருகில் உட்கார்ந்து, குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

மூத்தவள் குனிந்தபடியே வாங்கிக் குத்திக்கொண்டிருந்தாள்.