கம்பிக்குள் தட்டைப்பயறு

எங்கள் வீட்டில் பத்துக் கட்டளை இல்லை, பதினொன்று என்று என் கொழுந்தன் டுவிட் கிண்டல் செய்வான். பதினொன்றாவது என் கணவன் ரேபர்ன் போட்டது. மான் தோட்டத்தில் விதைத்த பிறகு மனிதக் கால் படக்கூடாது.

ஒருமுறை எங்கள் சபையின் பாஸ்டர் வீட்டுக்கு வந்தவர், காற்று வாங்கப் போகிறேன் என்று தோட்டத்துக்குள் நாலடி வைத்துவிட்டார். ரேபர்ன் திட்டவில்லை, பாஸ்டர் ஆயிற்றே. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது, "பாஸ்டர், நீங்க போடற சென்ட்டு அருமை. என் மானுங்க ஒரு வாரமா அதப் பத்தியேதான் பேசிக்குதுங்க" என்றான். மனிதர் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தால் காரை விட்டே இறங்க யோசிப்பார்.

மான் தோட்டம் என்பது வீட்டுக்குப் பின்னால் காட்டுக்கும் ஓடைக்கும் நடுவே கிடக்கிற துண்டு நிலம். நல்ல கரிசல். மே மாதம் மண் சூடு பிடித்ததும் அதில் தட்டைப்பயறும் மொச்சையும் விதைப்பான், கொடி ஏற நடுநடுவே சோளம். அதில் ஒரு மணி எங்களுக்குக் கிடையாது, எல்லாம் மானுக்கு. குளிர்காலத்துக்கு ஓட்ஸ் விதைக்கிறவர்கள் அலபாமா முழுக்க இருக்கிறார்கள். மான் மேய வரும், சுடலாம். கோடையில் சுடச் சட்டம் விடாது, ஆகவே கோடையில் விதைக்கிறவன் கொஞ்சம் கிறுக்கு.

"குட்டி போட்டதுக்குப் பால் சுரக்கணும்ல ஏர்லீன்? இப்பத்தான் அதுக்குத் தீனி வேணும்" என்பான்.

நவம்பரில் துப்பாக்கியைத் தூக்குகிறவன் ஜூலையில் தாய்ப்பாலுக்குக் கவலைப்படுவது எங்கேயோ இடிக்கிறதே என்று கேட்டால், "உனக்குப் புரியாது" என்பான். முப்பது வருஷமாக எனக்குப் புரியவில்லை. புரியாமலேயே குடும்பம் நடத்தலாம், தப்பில்லை.

இரண்டு கோடைக்கு முன்னால் மான்களுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்கே தெரியாத ஏதோ பூச்சி கடித்து வருகிற காய்ச்சல். உடம்பு கொதிக்கும், தாகம் தாங்காமல் தண்ணீரைத் தேடிப் போகும், அங்கேயே விழுந்துவிடும். ரேபர்ன் ஓடைப் பக்கம் போய்விட்டு வந்து, லாரியை வாசலில் நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"கிழிஞ்ச காதும் போயிடுச்சு" என்றான். "மூஞ்சி தண்ணிக்குள்ள கெடக்கு. குடிச்சிக்கிட்டே செத்திருக்கு."

கிழிஞ்ச காது அவன் குட்டியிலிருந்து பார்த்து வந்த பெண்மான். எங்கள் கல்யாண நாளை மறப்பான், அது எந்த வருஷம் இரட்டைக் குட்டி போட்டது என்பதை மறக்க மாட்டான். அந்த ஓடையில் கிடந்த ஒவ்வொன்றையும் அவனுக்கு முகம் தெரியும். அந்த நவம்பரில் துப்பாக்கி சுவரை விட்டு இறங்கவில்லை. மறு வருஷம் விதைக்கவும் இல்லை. மாலையானால் டிவி முன்னால் உட்காருவான், அது ஓடாவிட்டாலும் உட்கார்ந்திருப்பான். எனக்குப் பயமாக இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே ஒரு முடிவுக்கு வந்தான். "இன்னும் ஒரே ஒரு தடவ வெதைக்கறேன். வந்தா வரட்டும். வரலேன்னா பூரா பைன் கன்னு நட்டுட்டு வுட்டுடறேன்" என்றான்.

பைன் நட்டால் அது வளர்ந்து வெட்டுகிறபோது நாங்கள் இருவரும் கல்லறைத் தோட்டத்தில் இருப்போம். அந்த நிலத்தின் கதை அதோடு முடிந்தது. நிலத்தின் கதை மட்டுமா என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது.

இடுப்பு சரியாகாததால் விதைப்பு டுவிட் கையில் நடந்தது. ரேபர்ன் வீட்டுப் பக்கத்து வேலிக் கதவருகே நின்று, தம்பியைப் படுத்தாத பாடு படுத்தினான். நான் அதே நாளில் என் வேலையையும் பார்த்துக்கொண்டேன். பன்றிப் பட்டியில் கிடந்த பழைய கம்பிவலையை உருட்டிக்கொண்டு போய், தோட்டத்தின் காட்டோரத்தில், ஒரு சின்னச் சமையலறை அளவுக்கு வட்டமாக நிறுத்தி முளை அடித்தேன்.

"என்ன அண்ணி, ஜெயில் கட்றீங்களா?" என்றான் டுவிட்.

"எனக்குத் தின்ன கொஞ்சம் பயறு வேணும். உங்கண்ணன் வளக்கறதுலேயே நான் மட்டுந்தான் பட்டினி" என்றேன்.

அவனுக்கு மான் என்றால் எனக்குத் தட்டைப்பயறு. பன்றிக்கால் எலும்பு போட்டு வேகவைத்து, மக்காச்சோள ரொட்டியும் பச்சைத் தக்காளி ஊறுகாயும் பக்கத்தில் வைத்தால் நான் யாரோடும் பேச மாட்டேன். கட்டளை நினைவிருக்கிறதா என்று ரேபர்ன் கேட்டான். காய் முற்றும்வரை கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அதன்பிறகு தினமும் மாலை அவன் லாரியில் வேலிக் கதவுவரை போய், உட்கார்ந்து, இருட்டியதும் வருவான். முன்பெல்லாம் மரத்தில் கட்டிய பரண்மேல் ஏறி உட்காருவான். இப்போது இடுப்பு விடவில்லை. லாரியின் பின்பலகை ஆட்டம் கண்டு, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பாத்திரக்கடையை உருட்டிவிட்டது போலச் சத்தம் போடும். மான் என்ன செவிடா என்று கேட்க நினைத்து, முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டேன்.

மழை நன்றாகப் பெய்தும் தோட்டம் மொட்டையாகவே கிடந்தது. சோளத்தட்டை மட்டும் அங்கங்கே நின்றது, மற்றபடி களை. என் கம்பி வட்டத்தில் மட்டும் பச்சை திரண்டு நிற்பது கதவிலிருந்தே தெரிந்தது.

"கோழிச்சாணி கொட்டியிருக்க" என்றான் ரேபர்ன்.

"நாம கோழி வளத்து எத்தன வருஷமாச்சு? சாணிக்கு நான் எங்க போவேன்?"

"உனக்குக் கைராசி. எனக்கில்ல. பூமி செத்துப்போச்சு ஏர்லீன். மானும் இல்ல, மண்ணும் இல்ல."

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டுவிட்டுக்குப் போன் போட்டு, மறுநாள் காலையில் டிராக்டரோடு வந்து எல்லாவற்றையும் உழுதுபோடச் சொன்னான். பைனுக்கு நிலம் தயாராக வேண்டுமாம். போனை வைத்துவிட்டு, "உன் பயறப் பறிக்கறதுன்னா இன்னைக்கே பறிச்சுக்க" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

வாளியை எடுத்துக்கொண்டு போனேன். விதைத்த நாளுக்குப் பிறகு அந்த நிலத்தில் பட்ட முதல் மனிதக் கால் என்னுடையது.

வட்டத்துக்குள் கொடி என் தலைக்கு மேல் போயிருந்தது. சோளத்தைச் சுற்றி, கம்பியைப் பிடித்து, பிடிக்க வேறெதுவும் இல்லாமல் காற்றில் கை நீட்டிக்கொண்டிருந்தது. கொத்துக் கொத்தாய்க் காய். நான் மகிழ்ச்சியோடு வெளியிலிருந்தே எட்டிப் பறிக்கத் தொடங்கினேன். கம்பிக்கு வெளியே நீண்டிருந்த ஒரு கொடியை இழுத்தேன். இலையே இல்லை. கம்பி வரைக்கும் இலை, கம்பியைத் தாண்டினால் வெறும் நரம்பு.

அப்போதுதான் என் காலடியைப் பார்த்தேன்.

நாங்கள் மொட்டை என்று நினைத்த தரை மொட்டை இல்லை. களைக்கு இடையில், விதைத்த வரிசை மாறாமல், பயற்றின் அடிக்கட்டைகள் நின்றன. விரல் உயரம், அதற்கும் குறைவு. ஒவ்வொன்றும் முளைத்திருந்தது. ஒவ்வொன்றும் கடிக்கப்பட்டிருந்தது. சில மறுபடி துளிர்த்து, மறுபடி கடிக்கப்பட்டிருந்தன. நான் முழந்தாளிட்டுக் கையால் களையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். மண் முழுக்கக் குளம்பு. பெரிய குளம்பின் பக்கத்திலேயே என் கட்டைவிரல் நகம் அளவுக்குக் குட்டிக் குளம்பு. ஒன்றின்மேல் ஒன்று மிதித்து, சந்தை கலைந்த திடல் போல இருந்தது.

கடவுளே, எத்தனை வாய்! எத்தனை வாய் இங்கே வந்து போயிருக்கிறது, நாங்கள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பூமி செத்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தபோது! வாளியை அங்கேயே போட்டுவிட்டு, ஒரு கட்டையை மட்டும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நான் ஓடி வெகுகாலம் ஆகிறது.

ரேபர்ன் சமையலறை மேசையில் குளிர்ந்த தேநீரோடு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் கட்டையை வைத்தேன்.

"என்ன இது?"

"நீ பாரு. எனக்குத்தான் ஒண்ணும் புரியாதே."

எடுத்தான். கடிபட்ட நுனியைக் கட்டைவிரலால் தடவினான். முயல் கடித்தால் கத்தியால் சீவியது போலிருக்கும் என்று எனக்கே தெரியும். மானுக்கு முன்பக்கம் மேல்வரிசைப் பல் கிடையாது, பிய்த்துத்தான் தின்னும். அந்த நுனி நார்நாராகப் பிய்ந்திருந்தது. அவன் விரல் அதே இடத்தில் போய்வந்து கொண்டிருந்தது.

"எங்க இருந்துச்சு?"

"எல்லா எடத்துலயும். தோட்டம் பூரா. நீ வெதச்சது அத்தனையும் மொளச்சிருக்குடா மடையா! மொளைக்க மொளைக்கத் தின்னுட்டுப் போயிருக்கு. நீ கேட்டுல நின்னுக்கிட்டு மொட்ட மொட்டன்னு அழுதுருக்க."

"நான் உள்ள போகல..." என்றான் மெதுவாக.

"ஆமா. எவனோ ஒரு புத்திசாலி கட்டள போட்டிருக்கான், உள்ள போகக்கூடாதுன்னு."

அவன் சிரிக்கவில்லை. கைத்தடியைத் தேடினான். பிறகு அலமாரியிலிருந்து காற்றுப் பார்க்கிற டப்பாவை எடுத்தான். முகப்பவுடர் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் டப்பா. பிதுக்கினால் தூள் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் காற்று. அந்தப் பின்பலகைச் சத்தத்துக்கு எந்த மானும் வராது என்று லாரிச் சாவியை நான் மறைத்துவிட்டேன். நடந்தே போனோம், அவன் இடுப்பின் வேகத்தில். வேலிக் கதவில் நின்றான். காலைத் தூக்கி உள்ளே வைக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனிதனை நான் கண்டதில்லை.

உள்ளே வந்ததும் குனிந்து பார்க்க ஆரம்பித்தவன் நிமிரவேயில்லை. தடியால் களையை ஒதுக்குவான், பார்ப்பான், நகருவான். வட்டத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவனால் அப்படியே திரும்பி நடக்க முடியாது என்று தெரிந்தது. ஒரு முளையைப் பிடுங்கி, கம்பியை விலக்கி, அவனை உள்ளே இழுத்தேன். வாளியைக் கவிழ்த்து உட்கார வைத்தேன். நான் தரையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் பயற்றங்கொடி சுவராக நின்றது.

டப்பாவைப் பிதுக்கினான். காட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் தூள் எங்கள் முகத்திலேயே அப்பியது; எங்கள் வாடை காட்டுக்குப் போகாது. எனக்குத் தும்மல் வந்தது. "தும்மினே, டைவர்ஸ்தான்" என்று கிசுகிசுத்தான். இரண்டு வருஷத்தில் அவன் சொன்ன முதல் ஜோக்.

முதலில் ஒரு பெண்மான் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, காட்டோரத்தில் சற்றுமுன் ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. நாலடி வைத்து, மத்தியானம் நான் மண்டியிட்ட இடத்தில் மூக்கை வைத்து, முன்னங்காலைத் தரையில் ஓங்கி அடித்தது. ரேபர்ன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் வேறு பக்கம் பார்த்தேன். நல்லவேளை, பசி பயத்தை வென்றது. அதன் பின்னால் வெள்ளைப் புள்ளியோடு இரண்டு குட்டிகள் குதித்து வந்தன. இன்னொரு தாய். அதற்கும் இரண்டு. ஓடைப் பக்கத்திலிருந்து வெல்வெட் போர்த்திய கொம்போடு இளவட்டங்கள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். தேவாலயத்தில்கூட நான் அப்படி மூச்சடக்கி உட்கார்ந்ததில்லை. நாங்கள் முளைக்கவில்லை என்று நினைத்த பயறு முழுவதும் கால் முளைத்து எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

பிய்க்கிற சத்தம் கேட்டது. மெல்லுகிற சத்தம் கேட்டது. ஒரு குட்டி நேராகக் கம்பியருகே வந்து, வலைக்கண்ணுக்குள் மூக்கை விட்டு, ரேபர்னின் முழங்கால் பக்கத்தில் இருந்த இலையை இழுத்தது. ஈரமான கறுப்பு மூக்கு. அவன் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவன் நீட்டவில்லை. கண்ணீர் மட்டும் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இருட்டி எல்லாம் காட்டுக்குள் திரும்பிய பிறகுதான் பேசினான்.

"ஒண்ணக்கூட எனக்குத் தெரியல ஏர்லீன். ஒண்ணக்கூட முன்ன பின்ன பாத்ததில்ல."

"அதுக்கா அழற?"

"எல்லாம் புதுசு" என்றான். "எல்லாமே புதுசு."

மறுநாள் காலை டிராக்டர் சத்தம் கேட்டு நான் எழுந்தபோது படுக்கையில் அவன் இல்லை. போய்ப் பார்த்தால் தோட்டத்தின் நடுவே நிற்கிறான். கையில் குறடு. வேலிக் கதவுக்கு வெளியே டுவிட் டிராக்டரை அணைத்துவிட்டு வாய் பிளந்து நின்றான்.

"அண்ணே! உள்ள நிக்கற!"

"நிக்கறேன். நீயும் வா. டிராக்டர் வேணாம், கால வெச்சு வா. வந்து குனிஞ்சு பாரு."

டுவிட் என்னைப் பார்த்தான். நான் போ என்று தலையசைத்தேன். அதற்குள் ரேபர்ன் என் வட்டத்தின் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏய், என் பயறு!" என்று கத்தினேன். "இன்னும் பாதிகூடப் பறிக்கல!"

"அதுங்க புள்ள வெச்சிருக்குதுங்க ஏர்லீன்."

கம்பிவலையின் ஒரு முனையைப் பிடித்து, இடுப்பு வலியோடு, தனியாக உருட்டப் பார்த்தான். அது ஒத்தை ஆள் வேலையில்லை. நேற்றுக் கவிழ்த்துப் போட்ட காலி வாளியை எடுத்து டுவிட் கையில் திணித்துவிட்டு, நான் போய் மறுமுனையைப் பிடித்தேன்.