சத்து ஊசி

சித்தூர் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் முரளிதரன் அரை இட்லியைத் தின்றுவிட்டு, மீதியை வழக்கம்போல் மனைவி ஹரிதாவின் தட்டில் வைத்தான். எடை குறைக்க வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு அவனுக்கு அவ்வளவுதான் இறங்கும். "சாப்பாட்டுல இருக்கிற பி12 இனிமே ஒட்டாது. ஆயுசுக்கும் ஊசி போடணும், இல்லேன்னா நரம்பு கெட்டுடும்" என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்கு ஊரில் சத்து ஊசி என்று பேர். பேரே வினையானது. முரளியின் அண்ணன் கன்னையா ஊருக்கே அறிவாளி ஆயிற்றே.

"டேய், சத்து ஏத்திக்கினா மறுபடியும் ஊதிப்பூடுவடா!"

முரளி நிறுத்திவிட்டான். இரண்டு வருஷத்தில் பாதம் மரத்துப்போனது. ஊசியை மறுபடி தொடங்கத்தான் அன்று திருப்பதிக்குக் கிளம்பினார்கள். பஸ் படியில் வைத்த கால் அவனுக்கே தெரியாமல் நழுவியது. தலை தரையில் மோதியது. எழவில்லை.

காரியத்தன்று கன்னையா தீர்ப்புச் சொன்னார்: "ஆபரேஷன்தாம்மா அவனைத் துன்னுடுச்சி."

"சத்து ஊசி போட்டா ஊதிப்பூடுவேன்னு அவரைத் தடுத்தீங்களே, அப்ப நீங்க ஏன் மாமா அதே ஊசியைப் போட்டுக்கினு வரீங்க?" என்றாள் ஹரிதா.

"நான் ஒல்லிம்மா. ஒடம்பு தேற வேணாமா?"

பத்து வருஷமாக மாதம் தவறாமல் அதே பி12 ஊசி. கன்னையா இன்றைக்கும் ஒட்டடைக்குச்சிதான்.