தராசுக்காரரின் மைலேஜ்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெறும்வரை எடை அளவை ஆய்வாளராக இருந்தவர். கடைகடையாக ஏறி இறங்கித் தராசையும் படியையும் சோதித்து முத்திரை குத்துவதுதான் வேலை. கடைவீதியில் அவருக்குப் பெயரே 'தராசு'. அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் வியாபாரிகளுக்கு வயிற்றைக் கலக்குமாம். எனக்குக் கலக்கியதில்லை. கல்யாணமான புதிதில் குழம்பில் உப்பு கால் கரண்டி கூட என்று சொன்னவரிடம் கரண்டியையே கொடுத்து, நாளையிலிருந்து நீங்களே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதோடு என் சமையல் அவர் அதிகாரத்துக்கு வெளியே போய்விட்டது.

இப்படிப்பட்டவர் ஹைப்ரிட் கார் வாங்கினால் வீடு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் இஞ்சினும் பேட்டரியும் மாறிமாறி இழுக்கும் வண்டி. சிக்னலில் நின்றால் இஞ்சின் தானாக ஓய்ந்துவிடும், சத்தமே இருக்காது. விளம்பரத்தில் போட்ட மைலேஜை அவர் நம்புவாரா? டேங்கை விளிம்புவரை நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, அதே பம்பில் மறுபடி நிரப்பித் தானே கணக்குப் போட்டார். லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வந்தது. விளம்பரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பரவாயில்லை, யோக்கியமான ஆட்கள்தான் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

அன்றிலிருந்து அந்த வண்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். பிரேக்கைக்கூடத் தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல மிதிப்பார். கம்பெனியிலிருந்து அவ்வப்போது ஒரு பெண் போன் செய்து, வண்டி திருப்தியாக இருக்கிறதா, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பாள். ஒன்பது என்பார். பத்து கடவுளுக்கே கிடையாது என்பது அவர் கொள்கை.

இரண்டாவது வருடம் மைலேஜ் இறங்க ஆரம்பித்தது. இருபத்திரண்டு, பத்தொன்பது, கடைசியில் பதினேழு. மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் பம்புக்காரர் மாட்டிக்கொண்டார். அளவுக் குவளையைக் கொண்டுவரச் சொல்லி எல்லார் முன்னாலும் பெட்ரோலை அளந்தார். துளி குறையவில்லை. டயரில் காற்றைப் பார்த்தார், அதுவும் சரி. அப்புறம் சர்வீஸ் சென்டருக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே புகார்களைக் கவனிக்கும் பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். பொறுமைசாலி. அவளே வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டேங்கை நிரப்பி ஓட்டவைத்து, திரும்பவும் நிரப்பிக் காட்டினாள். அதே இருபத்தைந்து. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, நிறுத்திவைத்தபடி ஏசி போட்டுக்கொண்டு வீட்டில் யாராவது உட்காருகிறார்களா என்று கேட்டாள். அவ்வளவுதான். என் வீட்டை வந்து சோதனை போடுகிறாயா என்று எகிறிவிட்டார். பின்சீட்டில் இருந்த எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த முறை கம்பெனிப் பெண் போன் செய்தபோது பூஜ்யம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் எனக்கு வேறொரு தொல்லை. காலையில் எழுந்தால் தலை பிளக்கும், குமட்டும், வெயில் ஏறும்வரை ஒரு வேலை ஓடாது. அவருடைய குறட்டைக்குப் பயந்து பின்னறையில் படுப்பவள் நான். அந்த அறைக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு கதவுதான். வயதாகிறது, தலை வலிக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பிறந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதம் இருப்பதாகப் பேச்சு. அவளுக்கென்று பின்னறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், பரணில் கிடந்த தொட்டிலைப் பார்க்க ஷெட்டுக்குள் போனேன்.

கார் முந்தின நாள் சாயங்காலம் வந்து நின்றது, அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நான் அண்ணாந்து பரணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாக உறுமத் தொடங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஆளில்லை. டம்ளர் வைக்கும் குழியில் சாவி கிடந்தது. முன்பலகையில் விளக்கெல்லாம் எரிந்தது. ஏசி காற்று சீறிக்கொண்டிருந்தது. பானெட்டைத் தொட்டேன், கை சுட்டது.

கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அது மறுபடி ஊமையானது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியை நிறுத்தியவர் அணைக்கும் பொத்தானை அழுத்தவில்லை. சத்தம் இல்லாததால் அணைந்துவிட்டது என்று இறங்கிப் போயிருக்கிறார். ராத்திரி முழுக்கப் பேட்டரி இறங்கும்போதெல்லாம் இஞ்சின் தானாக எழுந்து, அதற்குத் தீனி போட்டு, புகையைக் கக்கிவிட்டுப் படுத்திருக்கிறது. தூக்கத்தில் கேட்ட உறுமலைத் தெருவில் போகும் லாரி என்று நினைத்திருக்கிறேன். ஷட்டருக்கு அடியில் கையளவு சந்து இருந்ததால் நான் பிழைத்துக் கிடந்திருக்கிறேன். மைலேஜ் எங்கே போனது என்பதும், என் தலை ஏன் வலித்தது என்பதும் ஒரே நேரத்தில் விளங்கியது. அந்த அறையில்தான் பச்சைப்பிள்ளையைப் படுக்க வைக்க இருந்தேன்.

பொத்தானை அழுத்தி அணைத்தேன். ஷட்டரை ஏற்றிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஒருநாள் மறதி என்றால் கேலி செய்து தீர்த்திருப்பேன். ஆனால் மைலேஜ் இறங்கி மாதக்கணக்காகிறது. முந்தின வாரம் ஒரே பேப்பரை இரண்டு தடவை முதலிலிருந்து படித்ததும், தன் சொந்தத் தங்கையின் கணவர் பெயரை என்னிடம் கேட்டதும் நினைவுக்கு வந்தன. அவர் கோபத்துக்கு நான் என்றைக்குமே பயந்ததில்லை. இதைக் கேட்டால் அவர் முகம் எப்படி ஆகும் என்பதற்குத்தான் பயந்தேன். ஊரார் தராசையெல்லாம் சந்தேகப்பட்டவருக்குத் தன்மேல் மட்டும் சந்தேகமே வந்ததில்லை.

அதனால் திருட்டுத்தனமாக ஒரு வேலை செய்தேன். அவர் வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்ததும், துணி எடுக்கும் சாக்கில் ஷெட்டுக்குப் போவேன். சில நாள் அணைத்திருப்பார், பல நாள் அணைத்திருக்க மாட்டார். நான் அணைத்துவிட்டு வருவேன். தலைவலி நின்றது. மைலேஜ் ஏறியது. மனிதர் குழந்தைபோலக் குதூகலித்தார். "பாத்தியா? போட்ட சத்தத்துல எல்லாம் வழிக்கு வந்துடுச்சு" என்றார். நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

மகளுக்குப் பிரசவமாகிவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்போகிறார்கள் என்று மாப்பிள்ளை போன் செய்தார். தாத்தாவே போய் வண்டியில் அழைத்து வருவாராம், பிள்ளையின் ஊசிக்கும் அவரே கூட்டிக்கொண்டு போவாராம். அவர் உற்சாகமாகச் சொல்லச் சொல்ல எனக்கு ஷெட்டுதான் கண்முன் நின்றது. ஒருநாள் நான் அசந்து தூங்கிவிட்டால்? வண்டியை அணைக்க மறந்தவர் நாளைக்கு நடுரோட்டில் எதை மறப்பார்? அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு சிசுவின் உயிரை வைத்து விளையாட எனக்கு என்ன உரிமை?

அன்று சாயங்காலம் வண்டியை அணைக்காமல் விட்டேன். ஷட்டரை முழுக்க ஏற்றிவைத்து, பின்னறையைப் பூட்டிவிட்டு, குறட்டையோடு குறட்டையாக முன்னறையில் படுத்தேன். காலையில் தொட்டிலை இறக்கித் தாருங்கள் என்று அவரை ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். ஸ்டூல்மேல் ஏறித் தொட்டிலை இறக்கிக் கையில் பிடித்தபடி நின்றார். தூசியைத் தட்டினார், அதன் ஒரு காலை ஆட்டிப் பார்த்து ஆணி முடுக்க வேண்டும் என்றார். நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே காத்திருந்தேன். இஞ்சின் எழுந்து உறுமியது.

"யாரு வண்டியில?"

"யாரும் இல்லங்க. நேத்து நீங்க வந்து நிறுத்தினதுதான்."

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சூடு தாங்காமல் எடுப்பார் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. நான்தான் இழுத்துவிட்டேன்.

"நான் அணைச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அணைச்சேன்ல?" என்று என்னைக் கேட்டார்.

நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"எத்தன நாளா?"

"மைலேஜ் இறங்கினதிலிருந்து."

"அப்ப ஏறினது?"

"நான் வந்து அணைச்சிட்டிருந்தேன்."

அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன் என்றேனே, பார்த்தேன். அதில் கோபம் இல்லை. கணக்கில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும் பழைய ஆய்வாளரின் முகம்தான். பார்வை காரிலிருந்து பின்னறைக் கதவுக்குப் போனது, அங்கிருந்து கையிலிருந்த தொட்டிலுக்கு வந்தது, கடைசியில் என்னிடம் நின்றது.

"உன் தலைவலி..." என்றார். தொட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவரே எழுந்து வண்டியை அணைத்து, சாவியை என் கையில் வைத்தார். மகளை மாப்பிள்ளைதான் அழைத்து வந்தார். எல்லாரும் முன்னறையிலேயே படுத்தோம். டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார், படம் எடுத்தார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். சர்வீஸ் சென்டர் பெண்ணிடம் இவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாளாம்.

கம்பெனியிலிருந்து மறுபடி போன் வந்தது. திருப்தியா, எத்தனை மார்க் என்றாள் அந்தப் பெண்.

"பத்து போட்டுக்கோம்மா. வண்டி பொய் சொல்லல" என்றார்.

இப்போது மாப்பிள்ளைதான் வண்டியை எடுக்கிறார். சாயங்காலம் அவர் கொண்டுவந்து விட்டதும் இவர் எழுந்து ஷெட்டுக்குப் போவார். முன்பலகையைக் குனிந்து பார்ப்பார், பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார், ஷட்டரை ஏற்றி வைப்பார். திரும்பி வந்து, பிள்ளையை மடியில் வைத்திருக்கும் என் முன்னால் நிற்பார்.

"நான் பாத்துட்டேன். அணைஞ்சுதான் இருக்கு" என்பார். போக மாட்டார். பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுவார். "நீயும் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடு."